ஒரு ஸ்டேஜ்கூட வெல்லாமல் கிராண்ட் டூரை வெல்லலாமா? கேள்வி பதில்

கேள்வி: மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம்தான் கிராண்ட் டூர்; அதில் ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ். எந்த நாளிலும் முதலாவதாக வராதவருக்கு, டூர் டி பிரான்ஸில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி எப்படிக் கிடைக்கிறது?

பதில்: 21 ஸ்டேஜ்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம், முதலிடங்களை எண்ணுவதில்லை. 1990-இல் கிரெக் லெமாண்ட், 2017-இல் கிறிஸ் ஃப்ரூம், 2019-இல் ஏகன் பெர்னால் ஆகியோர் அப்படித்தான் டூர் டி பிரான்ஸை வென்றார்கள். பெர்னாலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம். 19-ஆவது ஸ்டேஜில் இஸெரான் மலையுச்சியை முதலில் கடந்தவர் அவரே. ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் பாதையை மூடிவிட்டதால், உச்சியில் பதிவான நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஸ்டேஜ் வெற்றியாளர் என்று எவரையும் அறிவிக்காமல் விட்டுவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் முதலிடத்துக்குப் பலனே இல்லையா?

பதில்: கொஞ்சம் உண்டு. டூரில் சாதாரண ஸ்டேஜ்களின் முடிவில் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடிகளைக் கழிக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தனித்தனியே நேரத்தோடு போட்டியிடும் டைம் ட்ரையலில் அது கிடையாது. 1989 டூரில் லெமாண்ட், லோரான் ஃபின்யோனை முந்தியது வெறும் 8 விநாடிகளில். ஆகவே 10 விநாடி என்பது அற்பமல்ல.

கேள்வி: மார்க் கவெண்டிஷ் டூரில் 35 ஸ்டேஜ்களை வென்றவர். ஒருமுறைகூட ஏன் பட்டம் பெறவில்லை?

பதில்: அவருடைய வெற்றிகள் சமதளத்தில், கடைசி சில நூறு மீட்டரில் வந்தவை. அங்கே ஒரே கூட்டமாக வந்து சேர்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம்தான். மலை ஸ்டேஜ்களிலோ, கால வரம்புக்குள் வந்து சேர்வதே அவருக்குப் பெரும்பாடு.

கேள்வி: இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் பந்தயம் ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: தயங்காமல் சொல்வேன்: இத்தாலியின் கிராண்ட் டூரான ஜிரோவில் சைமன் யேட்ஸ் ஓட்டிய இரண்டு ஆண்டுகள். 2018-இல் மூன்று ஸ்டேஜ்களை வென்று, ஜிரோவில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியோடு வந்தவர், ஃபினெஸ்ட்ரே மலையில் துவண்டுபோனார். அதே ஏற்றத்தில் தாக்கிப் பிரிந்து சென்ற ஃப்ரூம் பட்டத்தைக் கொண்டுபோனார்.

2025-இல், 20-ஆவது ஸ்டேஜில், மறுபடியும் அதே மலை. மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்த இசாக் டெல் டோரோவைவிட யேட்ஸ் 1 நிமிடம் 21 விநாடி பின்தங்கியிருந்தார். ஏற்றத்தில் அவர் தனியே விலகிச் செல்ல, டெல் டோரோவும் இரண்டாமிடத்தில் இருந்த ரிச்சர்ட் கராபாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கைவிட்டார்கள். முன்கூட்டியே தப்பியோடிய குழுவில் இருந்த அணித்தோழர் வவுட் வான் ஆர்ட் காத்திருந்து, பள்ளத்தாக்கில் காற்றை எதிர்கொண்டு யேட்ஸை இழுத்துச் சென்றார். செஸ்ட்ரியேரில் ஸ்டேஜை வென்றவர் கிறிஸ் ஹார்ப்பர். யேட்ஸ் மூன்றாவது. அவருக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் பின்னால் வந்தார் டெல் டோரோ. மறுநாள் ரோமில் 3 நிமிடம் 56 விநாடி முன்னிலையில் யேட்ஸ் ஜிரோவை வென்றார், அந்த ஆண்டு ஒரு ஸ்டேஜ்கூட வெல்லாமல். அன்று ஹார்ப்பரைத் துரத்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

கேள்வி: ஆனால் ததேய் பொகாச்சர் 2024-இல் ஜிரோவில் ஆறு, டூரில் ஆறு என்று வென்று, இரண்டு பட்டங்களையும் பெற்றாரே?

பதில்: மலையிலும் டைம் ட்ரையலிலும் அவரே வலிமையானவர், அதனால் ஸ்டேஜ்களும் அவர் கைக்கு வந்தன. ஆனாலும் அந்த ஜிரோவை அவருக்குக் கொடுத்தது 9 நிமிடம் 56 விநாடி முன்னிலைதான். மலையுச்சியில் முடியும் ஸ்டேஜைப் பார்க்கும்போது, கையுயர்த்தி வருபவரோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டத்துக்குப் போட்டியிடுபவர்கள் எத்தனை விநாடி இடைவெளியில் கோட்டைத் தொடுகிறார்கள் என்று கவனியுங்கள்.