ஸ்டிக்கர் சொல்வதும் சிலிண்டர் சொல்வதும்: கட்டடப் பரிசோதனை பற்றிய கேள்வி பதில்

தீ எச்சரிக்கை மணி, கெமரா, கரண்ட் இந்த மூன்றையும் கட்டடங்களில் பரிசோதிக்கும் வேலையில் 22 வருடமாக இருக்கிறேன். வீடு தலவாக்கலையில், வேலை கண்டியிலிருந்து பதுளை வரை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து: அண்ணே, எங்கள் கெஸ்ட் ஹவுஸில் புகை உணரி நடுச்சாமத்தில் சும்மா சும்மா கத்துகிறது. வந்து தங்குபவர்கள் ஏசுகிறார்கள். இரண்டைக் கழற்றி வைத்துவிட்டோம். தப்பா?

தப்புதான் தம்பி. ஆனால் உணரி சும்மா கத்தாது. அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. அங்கே ஒளி சிதறினால் புகை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். சிதறடிப்பது புகையா, வெந்நீர் ஆவியா, உள்ளே புகுந்த பூச்சியா என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஊரில் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடுபனியே அறைக்குள் வந்து குந்திக்கொள்ளும், அதுவும் ஒரு காரணம்.

அடுத்த முறை கத்தும்போது உடனே பெனலில், அதாவது உணரிகளெல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியில், ரீசெட்டை அழுத்தாதீர்கள். முதலில் நெருப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எந்த உணரியில் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ரீசெட் செய்தால் அந்த அடையாளம் போய்விடும். தேதியையும் அறை எண்ணையும் எழுதி வையுங்கள். ஓரிடத்தில் ஆறு முறை கத்தியதில் ஐந்து முறை ஒரே அறைதான். குளியலறைக் கதவுக்கு நேர் மேலே பூட்டியிருந்தார்கள். தள்ளிப் பூட்டியதும் சத்தம் நின்றது. குசினிக்குப் புகை உணரி சரிவராது, வெப்ப உணரி போடுங்கள். ஏப்ரல் சீசனில் எல்லா அறையும் நிரம்பி, கணப்பில் விறகும் எரியும். அதற்கு முன்னால் கழற்றிய இரண்டும் கூரைக்குப் போயாக வேண்டும்.

ஹட்டனிலிருந்து ஒரு கடைக்காரர்: தீயணைப்பு சிலிண்டரில் போன வருடம் பரிசோதித்த ஸ்டிக்கர் இருக்கிறது. போதுமா?

ஸ்டிக்கர் அன்றைய நாளுக்குத்தான் சாட்சி. மாதம் ஒரு முறை நீங்களே பாருங்கள்: முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் இருக்கிறதா, குழாய் வாய் திறந்திருக்கிறதா. ஒரு கடையில் குழாயைக் கழற்றித் தட்டினேன், குளவி கட்டிய மண்கூடு பொலபொலவென்று கொட்டியது. ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது. காபனீரொட்சைட்டு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுங்கள்.

தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், 12 காம்பரா, ஒரே கூரை. நான் ட்ரிப் சுவிட்ச் போட்டிருக்கிறேன், பக்கத்து வீடுகளில் இல்லை. எனக்குப் பயமில்லைதானே அண்ணா?

இருக்கிறது தங்கச்சி. இரண்டு காரணம்.

ஒன்று, ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கரண்ட் கசிகிறதா என்பதை மட்டும்தான். 30 மில்லி அம்பியர் அளவில் கசிந்தால் வெட்டிவிடும், ஆள் பிழைக்கும். ஆனால் தளர்ந்த ஸ்குரூவில் வயர் சூடேறிப் புகைவது அதற்குத் தெரியாது. வயரை முறுக்கி டேப் சுற்றிய மூட்டு, பல்ப் ஹோல்டரிலிருந்து இழுத்த வயர், பியூஸ் கம்பிக்குப் பதிலாக யாரோ முறுக்கி வைத்த தடித்த செம்புக் கம்பி, நான் பார்த்த எரிந்த வீடுகளில் பெரும்பாலும் இவைதான். 2,000 வொட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். 5,500 வொட் சுடுநீர் ஷவர் 24 அம்பியர். விளக்குக்கு இழுத்த மெல்லிய வயரில் இவற்றை மாட்டினால் சுவருக்குள்ளேயே அடுப்பு மூட்டிய மாதிரி. பிளக் பேஸ் பழுப்பாகியிருக்கிறதா, பொசுங்கிய பிளாஸ்டிக் வாடை வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு, பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. தகரத்துக்குக் கீழே முழு லயமும் ஒரே வெளி. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு உங்கள் ட்ரிப் சுவிட்சைக் கேட்டுக்கொண்டு வராது.

ஆகவே 12 வீட்டாரும் சேர்ந்து பணம் போட்டு, அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளர் ஒருவரை ஒரு நாளைக்குக் கூப்பிடுங்கள். வயர் உறை கசிகிறதா என்று அளக்கும் மெகர் கருவியோடு வரச் சொல்லுங்கள். வயர் உறை 500 வோல்ட்டில் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். கல்லு மண்ணில் மழை இல்லாத நாளில் அளந்தால்தான் உண்மை தெரியும். ட்ரிப் சுவிட்சில் T என்று போட்ட சோதனைப் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். ஆனால் அது விழுந்துவிட்டால் எர்த் சரி என்று அர்த்தமில்லை.

பண்டாரவளையிலிருந்து: எட்டு கெமரா ஓடுகிறது. திருட்டுப் போன இரவின் காட்சி மட்டும் பதிவாகவில்லை. எப்படி?

திரையில் படம் ஓடுவது வேறு, ஹார்ட் டிஸ்கில் பதிவாவது வேறு. வாரம் ஒரு நாள், முந்தின இரவு 2 மணிக் காட்சியை எடுத்து ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள், கரண்ட் போய் வந்த பிறகு தேதி மாறியிருந்தால் பதிவு இருந்தும் அகப்படாது. அப்புறம் சிலந்தி. இரவில் கெமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், காலையில் லென்ஸ் முழுக்க வலை.

பதுளையிலிருந்து: 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். காய்ந்த பிறகு மெயினைப் போட்டோம், வேலை செய்தது. இப்போது மழை பெய்தால் ட்ரிப் ஆகிறது.

தண்ணீர் காய்ந்தாலும் சேறு காயாது ஐயா. பேஸுக்குள் படிந்த மண் ஈரம் பட்டதும் கரண்டைக் கசியவிடும். முழுகிய பேஸ், பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கழுவிப் பூட்டுவது வேண்டாம். வயரை மெகரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதுவரை ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு தேயிலை பெக்டரி கிளார்க்: தீ எச்சரிக்கைப் புத்தகத்தில் மாதா மாதம் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வேறென்ன எழுத வேண்டும்?

12 மாதமும் ஒரே பேனா, ஒரே 'சரி'. அப்படிப் புத்தகங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எண்ணை எழுதுங்கள் தம்பி. பெனல் பெட்டரி மெயினோடு இருக்கும்போது 27 வோல்ட் காட்டும், செத்த பெட்டரியும் காட்டும். மெயினை அணைத்து அரை மணி கழித்து மணியை அடிக்கவிட்டு, அப்போது எத்தனை வோல்ட் என்று குறியுங்கள். மணியை அடிக்கச் சுவரில் பூட்டியிருக்கும் உடைகண்ணாடிப் பெட்டிகளில் எதை அழுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள்; ஒவ்வொரு முறையும் வேறு பெட்டி. இன்னொன்று, பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை அமைதியில் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேயிலை உருட்டும் ரோலர் ஓடும் நேரத்தில் ஒரு முறை மணியை அடியுங்கள். ரோலர் பக்கத்தில் நிற்பவர் தலையைத் திருப்பினாரா என்று புத்தகத்தில் எழுதுங்கள்.