ரத்த-மூளைத் தடுப்பு மாதிரிகள்: ஓம் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எச்சிஎம்இசி/டி3 செல்களில் டீர் 40-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வளர்ப்பில் என்ன பிழை, மேடம்?

பதில்: பிழை ஏதும் இல்லை. ரத்த-மூளைத் தடுப்பு என்பது ரத்தத்திலுள்ளவை மூளைக்குள் எளிதில் நுழையாமல் தடுக்கும் ரத்தக்குழாய்ச் செல் அடுக்கு. டீர் என்பது செல் அடுக்கின் குறுக்கே அளக்கும் மின்தடை; அது கூடினால் அடுக்கு இறுக்கம் என்று பொருள். 2005-இல் வெளிவந்த இந்த மனித மூளை ரத்தக்குழாய்ச் செல்வரிசைக்கு 30–50 ஓம்·ச.செ.மீ. வழக்கமானதுதான். தவளை மூளையின் ரத்தக்குழாயில் 1982-இல் அளந்தது சுமார் 1,870. அதனால் சோடியம் ஃப்ளோரசின் போன்ற சிறு மூலக்கூறுகள் இங்கே செல்களின் இடுக்கு வழியாகவே ஒழுகிவிடும். செல் மருந்தை உள்ளே எடுப்பதையும் அழற்சி விளைவுகளையும் இதில் பாருங்கள். சிறு மூலக்கூறுகளின் ஊடுருவல் வேகத்தை இதை வைத்துச் சொல்லாதீர்கள்.

கேள்வி: 12 குழித் தட்டில் 220 ஓம் காட்டுகிறது, செல் இல்லாத வெற்று இன்சர்ட்டில் (குழிக்குள் வைக்கும், அடியில் நுண்துளைச் சவ்வுள்ள சிறு கிண்ணம்) 120. டீர் எவ்வளவு?

பதில்: இன்சர்ட்டின் பரப்பு 1.12 ச.செ.மீ. என்றால் (220 − 120) × 1.12 = 112 ஓம்·ச.செ.மீ. பரப்பால் பெருக்க வேண்டும், வகுத்துவிடுபவர்கள் உண்டு. வெற்று இன்சர்ட்டுக்கும் அதே பூச்சு, அதே ஊடகம் இருக்கட்டும். இன்குபேட்டரிலிருந்து எடுத்ததும் அளந்தால் ஊடகம் ஆற ஆற எண் ஏறிக்கொண்டே போகும். 20 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, அப்புறம் அளவிடுங்கள். மின்முனையின் நீளக் கால் குழியின் அடியைத் தொடலாம். குட்டைக் கால் சவ்வைத் தொட்டால் செல்கள் சுரண்டுப்பட்டு, அந்த இன்சர்ட் அதோடு போச்சு.

கேள்வி: எலி மூளையிலிருந்து எடுத்த செல்களோடு பெரிசைட்டுகளும் (ரத்தக்குழாயை வெளியே சுற்றியிருக்கும் செல்கள்) பெருகிவிடுகின்றன.

பதில்: செல்களைக் கொல்லும் பியூரோமைசின் போடுங்கள்: மி.லி.க்கு 4 மைக்ரோகிராம், முதல் 2–3 நாள். மூளை எண்டோதீலியல் செல்களில், அதாவது ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில், வேதிப்பொருள்களை வெளியேற்றும் பி-கிளைகோபுரதம் ஏராளம். அது பியூரோமைசினை வெளியே தள்ளிவிடும். பெரிசைட்டுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு, மடிந்துவிடும். அளவைக் கூட்டினால் வெளியேற்றம் ஈடுகொடுக்காமல் நமக்கு வேண்டிய செல்லும் சாகும். அடுக்கு மூடியபின் 550 நானோமோலார் ஹைட்ரோகார்டிசோன் சேர்த்தால் செல்களுக்கு இடையிலான சந்திகள் இறுகும்.

கேள்வி: தூண்டப்பட்ட தண்டுச் செல் (உடல் செல்லைத் திருப்பி உருவாக்கியது) மாதிரியில் டீர் 2,000-க்கு மேல் வருகிறதே, அதுதானே சிறந்தது?

பதில்: எண்ணை மட்டும் பார்த்தால் ஆமாம். 2012-இல் வந்த அந்த முறையில் ரெட்டினாயிக் அமிலம் சேர்த்தால் டீர் எகிறும். ஆனால் 2021-இல் வெளியான மரபணு வெளிப்பாட்டு ஆய்வு, அந்தச் செல்கள் எண்டோதீலியத்தைவிட எபிதீலியத்தையே (தோல், குடல் போன்றவற்றின் மேற்பரப்பை மூடும் செல் அடுக்கு) ஒத்திருப்பதாகக் காட்டியது. எபிதீலியமும் இறுக்கமாக மூடும் அல்லவா? ஆகவே எபிதீலியத்தின் அடையாளப் புரதமான ஈபிகேமுக்குச் சாயமிட்டுப் பாருங்கள். வெள்ளணு ஒட்டும் சோதனைக்கு இந்த மாதிரி ஆகாது.

கேள்வி: இன்சர்ட்டின் மேல் பக்கத்தில் போட்ட மருந்தில், மேல், கீழ் இரு பக்கமும் கூட்டினாலும் 60% தான் கிடைக்கிறது.

பதில்: கொழுப்பில் கரையும் மருந்தா? அப்படியானால் மீதி பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் சவ்விலும் ஒட்டியிருக்கும், கொஞ்சம் செல்லுக்குள்ளும். செல் இல்லாத பூசிய இன்சர்ட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; அங்கேயும் குறைந்தால் பழி செல்மீது இல்லை. கீழ்ப் பக்கத்தில் சிறிது ஆல்புமின் சேர்த்தால் ஒட்டுவது குறையும். முடிந்ததும் இன்சர்ட்டைக் கழுவி, சவ்வை வெட்டி மெத்தனாலில் போட்டு, அதில் எவ்வளவு என்றும் அளந்துவிடுங்கள்.