நெடுஞ்சாலைச் சந்திப்பு மாற்றியமைப்பு: கருத்துக்கேட்பில் எதைச் சொல்வது?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலைச் சந்திப்பை மாற்றியமைக்கப் போவதாகக் கூறிக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் எதைச் சொன்னால் பயன்படும்?

பதில்: மேம்பாலம் வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடிவை மட்டும் எழுதித் தரும் மனுவால் வடிவமைப்புப் பொறியாளருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் எங்கிருந்து எங்கே போக முடியாமல் தவிக்கிறார் என்பதை வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். திட்ட அறிக்கைக்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பு, வாகனங்களை வகை பிரித்து எண்ணி, கார் அலகுகளாக (ஒரு வண்டி எத்தனை காருக்குச் சமம் என்று) மாற்றிக் கணக்கிடுகிறது. சாலையைக் கடக்க அஞ்சி ஆட்டோவில் சுற்றுவழியாகப் பள்ளிக்குப் போகும் குழந்தையும், எதிர்ப்புறச் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்ட முதியவரும் அந்த அட்டவணையில் வருவதில்லை. இதை உள்ளூர்க்காரர்கள்தாம் சொல்ல முடியும். சர்வீஸ் சாலையில் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் வருகின்றன என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். திரும்புமிடம் வெகுதூரத்தில் இருப்பதற்கு அது சான்று. நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சாலை வடிவமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) நெறிமுறை என்பதால், அதை வரைபடத்தில் காட்டும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

கூடுதல் தடம் கேட்பதற்கு முன் சற்று யோசியுங்கள். சென்னையில் 2008-இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்தைப் போன்ற குளோவர் இலை வடிவ அமைப்பில் (மூலைகளில் வட்டமாகச் சுற்றி ஏறி இறங்கும் வளைவுப் பாதைகள் கொண்டது), ஒரு வளைவிலிருந்து இறங்கும் வண்டி வலப்புறம் ஏறி நேர்ச்சாலையில் கலக்க முயலும் அதே குறுகிய தூரத்தில், அடுத்த வளைவுக்குப் போக வேண்டிய வண்டி இடப்புறம் ஒதுங்குகிறது. நெரிசல் பிறப்பது இந்தக் குறுக்கீட்டில்தான். நேர்ச்சாலையை அகலப்படுத்துவதால் மட்டும் இது தீராது; கலப்பதற்கான நீளத்தைக் கூட்டுவதோ, இறங்கும் வண்டிகளுக்குத் தனித்தடம் பிரிப்பதோ பலன் தரும். அந்த இடத்திலேயே பேருந்து நிறுத்தமும் அமைந்துவிட்டால் நிலைமை மோசமாகும்; ஆகவே நிறுத்தம் எங்கே வருகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசியதோடு விடாமல், எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நிலம் இழப்போருக்கு மட்டும் வேறொரு வழியும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-இன் 3ஏ பிரிவின்படி, நிலத்தை எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நில எடுப்புக்கான தகுதியுள்ள அலுவலரிடம் 3சி பிரிவின்கீழ் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணைக்கு வாய்ப்புக் கேட்கலாம். கூட்டத்தில் பேசியது இந்த ஆட்சேபத்துக்கு ஈடாகாது. அந்த அலுவலரின் உத்தரவே இறுதியானது என்று சட்டம் சொல்வதால், சர்வே எண்ணுடன் காரணங்களை முழுமையாக எழுதுங்கள். நிலத்தில் உரிமை இல்லாத சங்கம் அப்பிரிவை நம்பியிருக்க முடியாது. ஆகவே வடிவமைப்பு ஒப்புதல் பெறுவதற்கு முன்பே உங்கள் மனு சென்று சேர வேண்டும். வரைபடத்தைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் இப்போதே விண்ணப்பியுங்கள், பதிலுக்கு 30 நாட்கள் வரை ஆகலாம்.