அடிபடாமலே வீங்கும் முழங்கால்: மருத்துவர் பதில்கள்

விழவில்லை, அடிபடவில்லை, ஆனால் முட்டி வீங்கிக் கிடக்கிறது என்று எழுதியவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 46. இடது முழங்கால் மூன்று மாதமாக வீங்கியே இருக்கிறது. எக்ஸ்ரே, யூரிக் ஆசிட், ஆர்.ஏ. (முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை) எல்லாம் நார்மல். ஊசியால் நீர் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஒருமுறை எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும் என்று என் அக்கா பயப்படுகிறார். எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். நீர் ஊறுவதற்குக் காரணம் ஊசி இல்லை, உள்ளே இருக்கும் நோய். அது தீராதவரை எடுத்தாலும் ஊறும், எடுக்காவிட்டாலும் ஊறும்.

நல்ல முழங்காலில் இருக்கும் நீர் ஒரு டீஸ்பூன்கூட வராது. உங்களைப் போன்றவர்களுக்குச் சில சமயம் 40, 50 மில்லி எடுப்போம். எடுத்ததும் சிரிஞ்சுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்து எழுத்தைப் படிக்க முடிந்தால் பெரும்பாலும் தேய்மானம் அல்லது ஜவ்வுக் கிழிசல். அந்த நீர் ஊசி முனையிலிருந்து பாகு போல இழை இழுத்துக்கொண்டு இறங்கும். எழுத்து மங்கி, இழை இழுக்காமல் வெறும் தண்ணீர் போலச் சொட்டினால் உள்ளே அழற்சி இருக்கிறது. அப்புறம் லேபில் வெள்ளணுக்களை எண்ணுவார்கள், உப்புப் படிகம் இருக்கிறதா, கிருமி வளர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஆர்.ஏ. நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே முட்டி மாதக்கணக்கில் வீங்கி, தொடை மெலிந்துகொண்டே போனால், நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்று எதுவும் இல்லாமலும் மூட்டில் வரும். நீரில் கிருமி சிக்காவிட்டால் மூட்டின் உள்சவ்வில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மருந்து நீண்ட நாள் சாப்பிட வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை நோயாளி. நேற்று இரவிலிருந்து வலது முட்டி சிவந்து கொதிக்கிறது, குளிர்காய்ச்சல், காலை ஊன்றவே முடியவில்லை. வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

இவரிடம் உடனே போனில் பேசி, அப்பாவை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். சீழ் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும், காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மிச்ச மாத்திரையைக் கொடுத்துவிட்டால் கிருமி நீரில் பிடிபடாமல் ஒளிந்துகொள்ளும். முதலில் நீரை எடுக்க வேண்டும், பிறகுதான் ஆன்டிபயாடிக். யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகச் சேர்வதால் வரும் கவுட் நோயிலும் மூட்டு இப்படியே சிவந்து வலிக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் நார்மலாகவே காட்டலாம் என்பதால், ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கிப் போட்டால் மூன்று நாள் வீக்கம் வற்றிவிடுகிறது, அப்புறம் பழையபடி வருகிறது.

அந்தக் கலர் மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அமுக்கி, காரணத்தை மறைத்துவிடும். கூட இருக்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் அந்த மாத்திரைகளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. காலையில் எழுந்ததும் நொண்டுகிறாள், பத்து மணிக்கு மேல் ஓடி விளையாடுகிறாள். ஒரு முட்டி வீங்கியிருக்கிறது, ஆனால் வலி என்று சொல்வதில்லை. வளர்ச்சி வலி என்கிறார்கள்.

வளர்ச்சி வலியில் மூட்டு வீங்காது. குழந்தை வலி என்று சொல்லாவிட்டாலும் அந்தக் காலை நேரத்து நொண்டலே சந்தேகப்படப் போதும். ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நீடித்தால் குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியாக இருக்கலாம், வாதநோய் நிபுணரிடம் காட்டுங்கள். அதோடு கண் டாக்டரிடமும் கட்டாயம் போங்கள். இந்த நோயில் கண் சிவக்காமல், வலிக்காமல் உள்ளே அழற்சி வந்து பார்வையைப் பறிக்கக்கூடும். ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். இரவில் வலித்து அழுதாலோ, உடம்பு வெளிறினாலோ, காய்ச்சல் இருந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ரிசல்ட் வரும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். இதமாக இருக்கிறதென்று நாள் முழுக்க முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள், கால் மடங்கியபடியே இறுகிவிடும். நீர் கோத்த முழங்காலில் தொடைத் தசை வேகமாகச் சோர்ந்துபோகும். அதனால் சீழ், எலும்பு முறிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். வேளைக்குப் பத்து முறை, தினமும் மூன்று வேளை.