முகத்தில் எதை ஒட்டுவது?

(திருமங்கலத்திலிருந்து வந்த கடிதம் இது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஐயாவுக்கு,

போன மாதம் உங்கள் தளத்தில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பாட்டியின் படத்தைப் பார்த்தேன். துணி, நூல், காகிதம், பெயிண்ட் எல்லாம் சேர்ந்திருந்தும் முதலில் முகம்தான் தெரிந்தது. நான் பள்ளி ஆசிரியர். பென்சிலில் முகம் வரைவேன், ஓரளவு ஜாடை வந்துவிடும். உங்கள் படத்தைப் பார்த்த வேகத்தில் எங்கள் அப்பாவை அதேபோலச் செய்ய உட்கார்ந்தேன். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வீட்டில் கிடந்த பழைய டிக்கெட்டுகளை முகத்தைச் சுற்றியும் சட்டையிலும் ஒட்டினேன். பார்த்தால் எட்டாம் வகுப்புப் பையன் கொண்டுவந்த ப்ராஜக்ட் சார்ட் மாதிரி இருக்கிறது. காகிதம் சுருங்கிவிட்டது, பலகை வேறு வில் மாதிரி வளைந்துவிட்டது. எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் பார்த்துவிட்டு, "வரையத் தெரியாதவன்தான் ஒட்டுவான்" என்றார். அது உண்மையா? நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள்? படத்தை இணைத்திருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

ஓவிய ஆசிரியருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். தஞ்சாவூர் ஓவியத்தை அவர் என்ன செய்வார்? பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மக்கில் மேடு எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, அதற்கப்புறம்தான் வண்ணம். அதை ஒட்டு வேலை என்று யாரும் சொல்வதில்லை, பூஜை அறையில் மாட்டிக் கும்பிடுகிறோம். பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை 1912இல் பிக்காசோ ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்ததை மேற்கில் கொலாஜின், அதாவது ஒட்டுப்படத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். நம்மூர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பே ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள், சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வரைந்தது நிற்கவில்லை என்றால் அதை மறைக்க ஒட்டத் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கிறது.

உங்கள் விஷயம் அது இல்லை. அப்பாவின் முகம் நன்றாக வந்திருக்கிறது, குறிப்பாக அந்த இடது கண்ணுக்குக் கீழ் இருக்கும் பை. தப்பு டிக்கெட்டில்தான். டிக்கெட்டைப் பார்த்ததும் "ஓ, கண்டக்டர்" என்று புரிந்துவிடுகிறது. புரிந்ததும் ஆள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறான். நீங்கள் அவரைப் பற்றிய ஒரு தகவலை ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கும் இதே தப்பு நடந்தது, எப்படி நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அந்தப் பாட்டி இருப்பது மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில். சௌராஷ்டிரக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே சுங்குடி முடிச்சுப் போடுகிறவர். துணியில் ஒரு நுனியை விரலால் கிள்ளிப் பிடித்து நூலைச் சுற்றி இறுக்குவார், அடுத்தது, அடுத்தது. சாயத்தில் முக்கி எடுத்துக் காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு, கையால் கட்டியது அபூர்வம். சரி, அது வேறு புலம்பல்.

ஐந்து நாள் போய் உட்கார்ந்தேன். எனக்காக அவர் நிமிர்ந்து உட்காரவில்லை, வேலை கெட்டுவிடுமாம். குனிந்த தலை. அதனால் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது, நெற்றி பெரிதாக, இமை மூடினாற்போல, மூக்கு நுனி உதட்டின் மேல் வந்து விழுந்து, தாடை கிட்டத்தட்டக் காணாமல். முதல் இரண்டு நாள் வரைந்ததெல்லாம் குப்பை, ஏனென்றால் கண் எதிரே இருந்த முகத்தை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த பொதுவான பாட்டி முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கோடு போடுவதை நிறுத்திவிட்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, கரித்துண்டைப் படுக்க வைத்துத் தேய்த்து, இருட்டு ஒன்று, வெளிச்சம் ஒன்று என்று இரண்டே பாகமாகப் பிரித்தேன். ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. வலது கன்னம், கழுத்து, முந்தானை எல்லாம் ஒரே இருட்டாகச் சேர்ந்துவிட்டது. அந்தத் தாள்தான் படம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் செய்த வேலை.

பலகை 6 மி.மீ. பிளைவுட், இரண்டடிக்கு மூன்றடி. பின்னால் ரீப்பர் கட்டை அடித்து, 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, முன்னால் காடாத் துணி ஒட்டி, வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு, ஜெஸ்ஸோ, மூன்று கோட். உங்கள் பலகை வளைந்ததற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் பசை பூசியது. ஈரம் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். பின்பக்கமும் ஒரு கோட் அடித்துவிட்டால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி ஆகிவிடும். காகிதம் சுருங்குவதும் ஈரத்தால்தான். அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறமில்லாத அக்ரிலிக் பசையை, காகிதத்தின் பின்னாலும் பலகையிலும் மெல்லிசாகப் பூசி, ஒரு நிமிடம் காகிதம் ஊறி விரிய விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள். காற்று வெளியேறிவிடும்.

கரித்துண்டால் வரைந்த அந்தத் தாளில் கட்டம் போட்டு, பலகையிலும் கட்டம் போட்டு ஏற்றினேன். சினிமா பேனர் வரைந்தவர்கள் ஆள் உயர முகங்களை இப்படித்தான் ஏற்றினார்கள், ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கைகளையெல்லாம் சும்மா உட்கார வைத்துவிட்டது. பிறகு அக்ரிலிக்கில் அடி வண்ணம். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வரும், நிழல் முழுக்க அதுதான். நிழலுக்குக் கறுப்பு வைக்காதீர்கள், நம் தோல் நிறத்தில் கறுப்பைக் கலந்தால் கரி பூசின மாதிரி செத்துவிடும். இன்னொன்று, கறுத்த தோலில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தைக் கவனியுங்கள். அது வெள்ளை இல்லை, லேசான நீலம், வானம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். பாட்டியின் நெற்றியில் அந்த நீலத்தை வைத்தபோதுதான் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி முகத்துக்கு உயிர் வந்தது.

ஒட்டுவதற்குப் பாட்டி வீட்டிலிருந்து மூன்று பொருள் கிடைத்தன. ஒரு பழைய சிவப்புச் சுங்குடித் துண்டு, முடிச்சு அவிழ்த்தபின் உதிர்ந்த சாயம் ஏறிய நூல் ஒரு கைப்பிடி, தினசரி காலண்டர் தாள்கள். தாள்களின் பின்பக்கம் எத்தனை முடிச்சு, எவ்வளவு கூலி என்று பாட்டி பால்பாயிண்ட் பேனாவால் கணக்கு எழுதியிருந்தார். எழுத்தாளன் புத்தி, அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. வாழ்நாள் முழுக்க எண்ணியது நெற்றியில் தெரியட்டும் என்று நெற்றி முழுவதும் ஒட்டி, மேலே மெல்லிசாக வண்ணம் ஓட்டினேன். அன்று ராத்திரி ஏதோ சாதித்துவிட்ட மாதிரி தூங்கினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். படத்தின் முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, "நானூத்தி இருபது... அப்புறம் என்ன, ஆறா எட்டா?" என்று வாசிக்க ஆரம்பித்தார். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கவில்லை. எழுத்து இருந்தால் மனுஷன் கண் அங்கேதான் போகும், வாசிக்கத் தெரிந்த யாராலும் வாசிக்காமல் இருக்க முடியாது. மதுரைச் சுவர்களில் வளர்ந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் முகத்தை விடக் கீழே இருக்கிற பெயர்களைத்தானே முதலில் படிக்கிறோம். அன்றைக்கே பிய்த்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நெற்றியை மறுபடி வரைந்தேன்.

நல்லவேளை ஒட்டியது ஜெராக்ஸ், அசல் தாள்கள் பாட்டியிடமே இருக்கின்றன. நீங்களும் அசலை ஒட்டாதீர்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டும் வேண்டாம், ஈரம் பட்டதும் மை கரைந்து ஓடிவிடும். ஜெராக்ஸ் மை ஓடாது. செய்தித்தாள் மாதிரியான காகிதம் வெயில் பட்டால் சில மாதத்திலேயே பழுப்பேறிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கணக்குத் தாள் எங்கே போனது என்றால், நிழலுக்குள். வலது கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னதாகக் கிழித்து, எழுத்தைத் தலைகீழாகவும் குறுக்காகவும் வைத்து ஒட்டி, மேலே அந்தச் சாம்பலை நீர்க்கக் கலந்து இரண்டு முறை ஓட்டினேன். இப்போது யாராலும் வாசிக்க முடியாது. நிழலில் ஏதோ கீறல் இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஒட்டும் பொருள் முதலில் நிழலாகவோ வெளிச்சமாகவோ படத்தில் வேலை பார்க்க வேண்டும். அதற்கு அர்த்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நூலை முதலில் தலைமுடிக்கு வைத்துப் பார்த்தேன். பொம்மை. எடுத்துவிட்டு, தாடைக்குக் கீழே, முகமும் கழுத்தும் சேரும் அந்த ஆழமான இருட்டில் நெருக்கமாகப் படுக்க வைத்தேன். அங்கே நூல் என்றே தெரியவில்லை, இருட்டுக்கு ஒரு தடிமன் கிடைத்தது. புடைத்து நிற்கும் பொருளில் இன்னொரு சிக்கல் உண்டு, அதன் மேல் அறையின் நிஜ வெளிச்சம் விழுந்து நிஜ நிழல் உண்டாகும். படத்துக்குள் வெளிச்சம் இடமிருந்து, உங்கள் டியூப்லைட் வலமிருந்து என்றால் இரண்டும் அடித்துக்கொள்ளும். எங்கே மாட்டப்போகிறோம் என்பதை ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சுங்குடித் துண்டு செய்த அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். துவைத்துத் துவைத்துப் பழசான துணி, இனி சாயம் போகாது என்று நம்பி முந்தானைக்கு ஒட்டினேன். மீடியத்தின் ஈரத்தில் சிவப்பு கசிந்து பாட்டியின் நரைமுடி வரைக்கும் ஏறிவிட்டது. மேலே வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் மறுபடி சிவப்பு மேலே வந்தது, இன்னொரு கோட் அடித்தேன், மறுபடியும் வந்தது. கடைசியில் எங்கள் தெரு ஆசாரிதான் வழி சொன்னார். மரச் சாமானுக்குப் பூசும் அரக்குப் பாலிஷை அந்த இடத்தில் மெல்லிசாக அடித்த பிறகுதான் அடங்கியது. முழுசாக அடங்கவில்லை, நரைமுடியில் ஓரிடத்தில் லேசான ரோஸ் இன்னும் தெரிகிறது. புடவையின் நிறம் முடியில் பட்டுத் தெறிப்பதை அழகாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நன்றி என்று பதில் போட்டேன். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது, நான் பார்க்கவில்லை.

எண்ணெய்ப் பசையுள்ள வண்ணக்குச்சியான ஆயில் பேஸ்டலில் போடும் கோடுகள் எல்லாவற்றுக்கும் கடைசி. அதன் மேல் அக்ரிலிக் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முடிந்துவிட்டது என்று நினைத்து, படத்தை ஆட்டோவில் ஏற்றிப் பாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கையைப் பார்த்தார். நூலை நான் அழகுக்காக வளைத்துத் தொங்கவிட்டிருந்தேன்.

"இப்படித் தொங்கினா முடிச்சு எப்படிப்பா விழும்? நூலு வெடவெடன்னு நிக்கணும்."

"முகம் எப்படிப் பாட்டி இருக்கு?"

"மூஞ்சிக்கென்ன, இருக்கு. கையைச் சரி பண்ணு."

வீட்டுக்கு வந்து நூலை நேராக்கினேன். நூல் இறுகினால் விரல் வேறு மாதிரி மடங்கும், விரல் மாறினால் மணிக்கட்டு, கடைசியில் இரண்டு கையும் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. எட்டு நாள் ஆனது. அதற்கு மேல் தொடவில்லை. அந்த வேலை தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பு எதுவும் படாத இடத்தில் நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு அளவுகோல் என்னிடம் இல்லை. உங்கள் படத்தை அப்பாவோடு வேலை பார்த்த யாராவது ஒருவரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் படத்தை மொபைலில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். டிக்கெட்டுகள் முகத்தை விட வெளிச்சமாகத் துள்ளிக்கொண்டு நிற்கும், நான் இங்கே மாற்றிப் பார்த்துவிட்டேன். முகத்தைச் சுற்றி இருப்பவை முழுக்கப் போகட்டும். காக்கிச் சட்டையின் நிழல் பக்கத்தில் மட்டும், பின்பக்கம் வெளியே தெரியும்படி கிழித்து ஒட்டி, மேலே பழுப்பு ஓட்டிப் பாருங்கள். எண் தெரியும்படி ஒரே ஒரு டிக்கெட் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையிலிருந்து பாதி நீட்டிக்கொண்டு. அதுவும் இல்லாமல் பார்த்துவிட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், வழி தனியாக அனுப்புகிறேன். பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வாருங்கள், செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். பஸ்ஸில் வெயில் பட்டு அக்ரிலிக் இளகினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். டிக்கெட்டைப் பிய்க்கவே ஒரு நாள் ஆகும்.