பிடி அரிசி - கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கும், உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் செலவுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துவந்தார். சென்ற ஆண்டு தவறிவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். சத்துணவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அரசே தருகிறது. நாம் கொடுக்கும் சில்லறையால் ஊருக்கு என்ன ஆகிவிடப்போகிறது? பேசாமல் இந்தப் பணத்தை ஒரு பெரிய அறக்கட்டளைக்கு அனுப்பிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

அப்பாவின் மறைவுச் செய்தி வருத்தமளிக்கிறது. பெரிய அறக்கட்டளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஊருக்குக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவார். பானையிலிருந்து நேராக எடுக்கக் கூடாது, அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் சாப்பிடவேண்டிய சோற்றில் ஒரு பிடி அது. சனிக்கிழமைகளில் தெருப் பெண்கள் இருவர் சாக்கோடு வந்து வாங்கிப்போவார்கள். ஒரு வருடம் அப்பாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. டப்பாவில் கால்வாசிகூட இல்லை. வாங்க வந்த அக்கா எதுவும் கேட்கவில்லை. மறுநாள் இருட்டியபிறகு கொல்லைப்புறமாக வந்து அரை மூட்டை அரிசியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். எங்கள் கஷ்டத்தை நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டப்பா சொல்லிவிட்டது.

உள்ளூர் தர்மத்தில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். கொடுக்கப் போகிற இடத்தில் யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து போகும் பணத்துக்கு அந்தக் கண் கிடையாது.

விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலா இப்படி வளர்ந்த பள்ளிதான். வியாபாரிகள் விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்தார்கள், வீட்டுப் பெண்கள் பிடி அரிசி கொடுத்தார்கள். தன் அரிசி போன பள்ளிக்கு ஒரு தாய் பிள்ளையை அனுப்பாமல் இருப்பாளா? மிசோரமிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். இன்று அது ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சேர்ந்து சபையின் பணிகளுக்குப் போகிறது.

அரசு செய்கிறதே என்கிறீர்கள். சரி. ஆனால் 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்களிடமும் கேட்டார். காய்கறியும் விறகும் கொண்டுவந்து கொடுத்த ஊர், சமையல் எப்படி நடக்கிறது என்று எட்டிப்பார்க்கவும் செய்தது. கண் சிகிச்சை முகாமும் அப்படித்தான். மருத்துவர்கள் வெளியூரிலிருந்து வந்துவிடுவார்கள். தனியாக இருக்கும் கிழவியை எழுப்பி, முகம் கழுவவைத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு உள்ளூர் ஆள் வேண்டும்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நோன்புக் கஞ்சி நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது என்றால், யாரோ இன்றைக்கும் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். உள்ளூர் தர்மம் பல நேரம் சாதிக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது, இன்னமும் வருகிறது. கணக்கு காட்டாத தர்மகர்த்தாக்களும் உண்டு. நானே ஒரு ஊர்க் கமிட்டியில் கணக்கு கேட்டு மனஸ்தாபப்பட்டிருக்கிறேன். ஆனாலும் உள்ளூரில் நேரில் போய்க் கேட்க முடிகிறது. கேட்டால் கொஞ்ச நாள் முகம் திருப்புவார்கள், அப்புறம் நோட்டை எடுத்துக் காட்டுவார்கள்.

எனவே பணத்தைத் தொடர்ந்து அனுப்புங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போங்கள். அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் தலைமையாசிரியரிடம், இந்த வருடம் பாதியில் நின்றுபோன பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள். உங்கள் அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அவர் பெயரைச் சொன்னால் அங்கே உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.