உள்விவகாரம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கூடாது என்று சொல்லியும் 1997இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், பர்மா என்ற மியான்மரைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் பேச்சுக்கு மசியாத அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தியாவும் அப்படி இருக்க வேண்டாமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

இரண்டு நாளாகப் பர்மா பெரியம்மா நினைவாகவே இருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

வெள்ளைக்காரர்களின் யோக்கியதையை விடுங்கள், அதில் எனக்கும் மதிப்பில்லை. ஆனால் எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும்தான் வந்தது என்று எப்படி எழுதினீர்கள்? சேர்க்காதீர்கள் என்று பர்மாவின் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூ கியே கேட்டுக்கொண்டார். படிக்கிற பிள்ளை இதைத் தாண்டிப் போகலாமா?

உள்விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்பது ஆசியானின் கொள்கை. சரி. பர்மா, லாவோஸ், கம்போடியா மூன்றையும் அந்த ஜூலையில் ஒன்றாகச் சேர்ப்பதாக இருந்தது. மாதத் தொடக்கத்தில் கம்போடியாவில் ஹுன் சென், தன்னோடு பிரதமராக இருந்த ரணரித்தைத் துரத்திவிட்டார். உடனே கம்போடியாவை நிறுத்திவைத்தார்கள். 1999 ஏப்ரலில்தான் அதற்கு இடம் கிடைத்தது. பர்மா 23ஆம் தேதியே உள்ளே வந்துவிட்டது. அங்கே 1990 தேர்தலில் 485 இடங்களில் 392ஐ வென்ற சூ கியின் கட்சிக்குப் பட்டாளம் ஆட்சியைக் கொடுக்கவே இல்லை. கம்போடியாவில் நடந்ததைக் கேள்வி கேட்கலாம், இது மட்டும் உள்விவகாரமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் துணிச்சல் என்று எழுதுங்கள்.

பெரியம்மா நீடாமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீடு. 1964இல் பர்மாவில் பட்டாள ஆட்சி கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளையும் செல்லாது என்றபோது வந்தவர். கப்பல் ஏறுமுன் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். இங்கே வந்து அழுதால், “அது அந்த நாட்டு உள்விவகாரம்மா” என்றார்களாம் படித்தவர்கள். அந்த வார்த்தையை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையும் நம்ம ஊர் மாதிரியே இருக்கும் என்பார், அதே சேறு, அதே நாற்றங்கால். 1988இல் ரங்கூனில் மாணவர்களைச் சுட்டார்கள் என்று ரேடியோவில் கேட்ட அன்று அவர் அடுப்பு பற்ற வைக்கவில்லை. “உங்களைத் துரத்தின ஊர்தானே பெரியம்மா?” என்றேன்.

“ஊரு எங்கடா தொரத்துச்சு? பட்டாளம்தான் தொரத்துச்சு. செத்தது ஊருப் புள்ளைங்க.”

உங்கள் மன்னார்குடியிலும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இருக்கும். தேர்வு முடிந்ததும் விசாரித்துப் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.